மணிக்கூண்டு ஊரா, தண்ணி ஊரா?

போட்டோ ஸ்டுடியோத் தொழிலில் படம் எடுக்க ஒரு நொடி போதும். வந்தவர்களை ஓர் இடத்தில் நிற்க வைக்கத்தான் ஆயுசு போதாது. துணிக்கடையில் சேலையை உதறி உதறிப் போடுகிறவர்களுக்கும், வளையல் கடையில் கையைப் பிடித்து வளையல் ஏற்றுகிறவர்களுக்கும் நான் சொல்வது புரியும். “இது வேணாம், அதக் காட்டு” என்பதைக் கேட்டுக் கேட்டுக் காது தடித்துப் போனவர்கள் நாமெல்லாம்.

எங்கள் ஸ்டுடியோ திருச்சுழியில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில். நான் பரளச்சிப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கல்யாணமாகி வந்த மறுமாதமே எங்கள் வீட்டுக்காரர் என் கையில் சீப்பையும் பவுடர் டப்பாவையும் கொடுத்துவிட்டார். வருகிற பெண்களின் சேலை மடிப்பைச் சரிசெய்வது, பொட்டை நேராக்குவது, அழுகிற பிள்ளைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுவது எல்லாம் என் பாடு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் நிற்பது அவர் பாடு. குடும்பத்திலும் அவருக்கு அதே வழக்கம்தான்.

கொடைக்கானலுக்குப் பதிலாக

எங்கள் பக்கத்துப் பெண்கள் ஊரைவிட்டு வெளியே போவது ஒன்று கல்யாணத்துக்கு, இல்லாவிட்டால் இழவுக்கு. எதற்குப் போனாலும் பாத்திரம் கழுவும் இடத்தில் நமக்கொரு இடம் போட்டு வைத்திருப்பார்கள். வேலையே இல்லாமல், சும்மா, ஒரு குளிர்ந்த ஊரில் போய் ரெண்டு நாள் நிற்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் நான் அவரிடம் கேட்டது அது ஒன்றைத்தான். நகை கேட்கவில்லை, நட்டு கேட்கவில்லை. அவரும் கொடைக்கானல் கூட்டிப் போகிறேன் என்று எங்கள் அய்யா முன்னாலேயே தலையாட்டினார்.

எண்பதுகள் முடியப்போகிற சமயம். ஒருநாள் “கொடைக்கானல் பஸ்ஸு விசாரிச்சிட்டு வாரேன்” என்று சிவகாசிப் பக்கம் போனவர், பஸ் மேல் நீளமாக ரெண்டு துணிச் சுருளைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். எதிரெதிர்ச் சுவரில் மாட்டி விரித்தால், ரெண்டும் வெளிநாட்டு ஊர். ஏதோ பழைய காலண்டர் படத்தைப் பார்த்து ஒரு பெயிண்டர் வரைந்து கொடுத்த திரை. ஒன்றில் கோட்டைச் சுவர், சிவப்பு ஓட்டு வீடுகள், நடுவில் ஆகாசத்தைத் தொடும் மணிக்கூண்டு. இன்னொன்றில் தெருவுக்குப் பதில் தண்ணீர். அதில் படகு, வளைந்த கல் பாலம், வாசல்படி நனைகிற வீடுகள். அந்த ஊர்களுக்குப் பெயர் என்ன என்று பெயிண்டருக்கும் தெரியாது. படம் எடுக்க வந்த வாத்தியார் ஒருவர், “ரெண்டும் ஐரோப்பாக் கண்டத்துல ராஜாக்க காலத்து ஊருகம்மா. இன்னமும் இடிக்காம வச்சிருக்காக. லீவு விட்டா அந்த நாட்டு ஆளுக எந்த ஊருக்குப் போகலாம்னு யோசிச்சுப் போய்த் தங்குவாக” என்று விளக்கினார். அன்றிலிருந்து எங்கள் கடையில் அவை மணிக்கூண்டு ஊர், தண்ணி ஊர். கேமரா ஸ்டாண்டைத் திருப்பினால் நாடு மாறிவிடும்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சுருளை அடுப்பில் வைத்திருப்பேன். வயிற்றில் பிள்ளை இருந்ததால் தூக்க முடியவில்லை. அவரோ நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்: “கொடைக்கானல் என்ன பெரிய கொடைக்கானல்? உன்னயச் சீமைக்கே கூட்டியாந்துட்டேன் பாரு!”

பத்தே முக்கால்

பந்தல்குடிப் பக்கம் ஒரு கல்யாணம். தாலி கட்டிச் சாப்பாடு முடிந்ததும், பெண்ணையும் மாப்பிள்ளையையும் மாலையோடு ஒரு வேனில் ஏற்றி, கூடவே பாதி ஊரையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். பெண் திரைகளைப் பார்த்ததும் கண் விரிந்து, “அந்தப் பாலத்துல நிக்கிறோம்” என்று மெதுவாகச் சொன்னது. சொல்லி வாய் மூடவில்லை, மாமியார் குறுக்கே பாய்ந்தார். “என் மகனுக்குத் தண்ணியில கண்டம்னு சாதகத்துல இருக்கு. கெணத்துப் பக்கமே விட்டதில்ல. அவனக் கொண்டுபோய் அம்புட்டுத் தண்ணிக்குள்ள நிப்பாட்டச் சொல்றியா?”

“அது பெயிண்டுங்கம்மா” என்றேன். “கண்டத்துக்குப் பெயிண்டு தெரியுமா?” என்றார். சரி என்று எல்லோரையும் எதிர்ச்சுவருக்குத் திருப்பி, ஸ்டாண்டைத் திருப்பி, லைட்டைத் திருப்பி, மாப்பிள்ளையின் தோளில் பெண்ணின் மாலை உரசும்படி நிறுத்தி முடித்தபோது, கூட்டத்திலிருந்து ஒரு சித்தப்பா, “நில்லுங்க, அந்த மணியப் பாருங்க” என்றார். பெயிண்டர் மணிக்கூண்டில் பத்தே முக்கால் வரைந்து வைத்திருந்தான். அன்று வெள்ளிக்கிழமை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகுகாலம்! நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், “திங்கக்கிழமைன்னா ராகுகாலம் இல்லீங்க” என்றேன். “திங்கக்கிழம அது எமகண்டம்” என்றார் சித்தப்பா. அந்த மணியை மாற்றி வரையச் சொல்லி எங்கள் வீட்டுக்காரரிடம் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. அவர் காதில் ஏறினால்தானே!

கடைசியில் சித்தப்பாவையே முக்காலியில் ஏற்றி, தலைப்பாகை கட்டி, மணியை மறைக்க நிறுத்தினோம். படத்தில் கல்யாண ஜோடிக்குப் பின்னால் கோட்டைச் சுவர்மேல் முளைத்த மாதிரி அவர் நிற்பார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் பொட்டைச் சரிசெய்யக் குனிந்தபோது அந்தப் பெண் என் காதில் சொன்னது இதுதான்: “நெசமா எங்கயும் கூட்டிட்டுப் போக மாட்டாகன்னு தெரியும்க்கா. படத்துலயாச்சும் நான் கேட்ட ஊருக்கு விடலாம்ல?”

பார்த்துப் பொறாமைப்படட்டும்

எல்லோரும் அந்தப் பெண்ணைப் போல வாயடங்கிப் போகிறவர்கள் இல்லை. வீரசோழனிலிருந்து ஒரு அக்கா ரெண்டு பிள்ளைகளோடு பஸ் ஏறி வந்தது. வீட்டுக்காரர் வளைகுடாவில். அவருக்கு அனுப்பப் படம் வேண்டும். துணைக்கு வந்த கொழுந்தனார், “மணிக்கூண்டு வைங்க, அதுதான் கௌரவமா இருக்கு” என்றார். எங்கள் வீட்டுக்காரரும் “ஆமா, அதுல வெளிச்சம் நல்லா விழும்” என்று கூடச் சேர்ந்துகொண்டார். ஆம்பளை ரெண்டு பேர் சேர்ந்துவிட்டால் மறுபேச்சு உண்டா?

அந்த அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பிள்ளைகளைத் தானே நடத்திப் போய்த் தண்ணி ஊருக்கு முன்னால் நிறுத்தி, தானும் நின்றுகொண்டது. கொழுந்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னது: “போயி மூணு வருசமாச்சு, இந்தா வாரேன் அந்தா வாரேன்கிறாக. அங்க மணல்ல கெடந்து வேகுறவுக, நாங்க இங்க படகுல போறதப் பாத்துக் கொஞ்சம் பொறாமைப்படட்டும்.”

ஒரே நேரத்தில் இரண்டு ஊர்

வளைகாப்புப் படம் எப்படி எடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பூ வைத்துத் தைத்த சடை தெரிய வேண்டும், முகமும் தெரிய வேண்டும். அதனால் முதுகுப் பக்கம் ஆளுயரக் கண்ணாடியை வைத்துவிடுவோம். ஒருநாள் வெள்ளாமை பார்க்கும் ஒரு சம்சாரி வீட்டுப் பெண்ணை மணிக்கூண்டு ஊரில் நிறுத்திக் கண்ணாடியை நான்தான் சாய்த்து வைத்தேன். படம் கழுவி வந்ததும் வீட்டுக்காரர் என்மேல் எரிந்து விழுந்தார். “கண்ணாடிக்குள்ள என்ன இருக்குன்னு பாக்க மாட்டியா?” பார்த்தேன். கண்ணாடிக்கு வெளியே மணிக்கூண்டு, கண்ணாடிக்குள் பூச்சடைக்குப் பின்னால் எதிர்ச்சுவரின் பாலமும் படகும். பெண் ஒரு ஊரில் நிற்க, அவள் நிழல் இன்னொரு ஊரில் நின்றது.

எடுத்தவர் அவர், ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்தவர் அவர், ஏச்சு வாங்குகிறவள் நான்! மறுபடி எடுத்துத் தருகிறோம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள், படம் வாங்க வந்த அந்தப் பெண்ணின் அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்து, மீசையை நீவிவிட்டுச் சொன்னார்: “இதுதாம்யா படம். ஒத்த டிக்கெட்டுல ரெண்டு ஊரு பாத்திருச்சு எம் மக!”

ஒரு வாரத்தில் ஊரில் இருக்கிற வளைகாப்பெல்லாம் எங்கள் கடைக்குத்தான். கண்ணாடியை அப்படிச் சாய்க்கும் யோசனை தன்னுடையது என்று வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பவுடர் போட்டேன்.

நாடு விட்டு நாடு

அண்ணன் தம்பி ரெண்டு பேர். அம்மாவுக்கு அறுபது ஆனதால் குடும்பப் படம். அண்ணன் மணிக்கூண்டு என்றால் தம்பி தண்ணி என்றார். வயக்காட்டுப் பாதைக்காகத் தொடங்கிய சண்டை என் கடைக்குள் வந்து வெளிநாட்டுச் சண்டையாகிவிட்டது. அண்ணன் குடும்பம் இந்தச் சுவர், தம்பி குடும்பம் அந்தச் சுவர். நடுவில் நாற்காலியில் அம்மா.

“அம்மாவ ஒரு வார்த்தை கேளுங்க” என்று நான் சத்தம் போட்டேன். யார் கேட்டார்கள்? முதலில் இங்கே உட்கார வைத்து ஒரு படம். பிறகு நாற்காலியோடு எழுப்பி அங்கே கொண்டு போய் ஒரு படம். ரெண்டிலும் அந்த அம்மா ஒரே முகத்தோடுதான் இருப்பார். போகும்போது என் தோளைப் பிடித்துச் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “இவுக ரெண்டு பேரையும் ஒரே தட்டுல வச்சு ஊட்டுனேன் தாயி. இன்னைக்கு எனக்கு நிக்க ஒரு நாடு இல்ல.”

ஒரு சொம்புத் தண்ணி

சித்திரை வெயில். குழாயில் தண்ணீர் நின்று வெறும் காற்று வரத் தொடங்கி நாலைந்து நாள். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி, பிள்ளையை அதன்மேல் உட்கார வைத்து, தோட்டத்துக் கிணறு தேடிப் போய் வந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது எனக்கு. கொண்டுவந்த தண்ணீரையும் வீட்டுக்காரர் படம் கழுவ ஊற்றிவிட்டார். “தொழிலு நிக்கக் கூடாதுல்ல” என்று நியாயம் வேறு. நாங்கள் குடிக்காமல் நின்றால் பரவாயில்லையாம்.

அந்த நேரம் பார்த்து, பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு அம்மா வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். படம் எடுக்க இல்லை. மயக்கமாக வருகிறது, ஒரு சொம்புத் தண்ணி வேண்டும் என்று. என்னிடம் சொம்புதான் இருந்தது. கையைப் பிசைந்துகொண்டு இல்லை என்றேன். வாழ்க்கையில் அதைப்போல ஒரு வார்த்தையைச் சொல்லக் கூடாது. அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் சுவர் நிறைய அலையடிக்கிற தண்ணி ஊரைப் பார்த்தார். “இம்புட்டையும் வச்சுக்கிட்டு இல்லைங்கிறியே ஆத்தா” என்றார்.

டீக்கடைக்கு ஓடிப்போய்த் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தேன். அன்றைக்கு முழுக்க அந்தத் திரையின் முகத்தில் நான் முழிக்கவில்லை. வீட்டுக்காரர் முகத்திலும்தான்.

கண்டம் கழிந்த கதை

பந்தல்குடிக் கல்யாணப் பெண்ணை நினைவிருக்கிறதா? ரெண்டு வருசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குள் வந்தது. இடுப்பில் ஒரு பிள்ளை, பின்னால் தண்ணிக் கண்டக்கார மாப்பிள்ளை. வேன் இல்லை, கூட்டம் இல்லை, சித்தப்பா இல்லை. “பிள்ளைக்கு மொட்டை எடுத்துட்டு வாரோம்க்கா. அத்தை கோயில்லயே அசந்து தூங்கிட்டாக. எந்திரிக்கிறதுக்குள்ள எடுங்க” என்றது. ஊரைக் கேட்கவே இல்லை. நேராகப் பாலத்துக்கு நடந்தது.

மாப்பிள்ளைதான் நடுங்கினார். நாங்கள் ஓரத்தில் வைத்திருந்த அட்டைத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு திரைக்கு ஒரு முழம் தள்ளியே நின்றார். கிட்டே வரச் சொல்லி எங்கள் வீட்டுக்காரர் எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தார். ம்ஹூம். அந்தப் பெண் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய், புருசன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து வந்து பாலத்துக்கு நடுவில் நிறுத்தியது. அவர் பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேமராவிடம் கெஞ்சினார்: “சட்டுன்னு எடுங்கண்ணே, எனக்கு நீச்சல் தெரியாது.”

அவர்கள் போன பிறகும் நான் அந்தப் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியாரைத் தூங்க விட்டுவிட்டு, தான் கேட்ட ஊருக்கு அந்தப் பெண்ணே போய் வந்துவிட்டாள். நான் இன்னும் பவுடர் டப்பாவோடு நிற்கிறேன்.

ஆடி மாதம்

சித்திரையில் கேட்டால் முகூர்த்தம். வைகாசியில் கேட்டால் முகூர்த்தம். தையில் கேட்டால் பொங்கலுக்குப் படம் எடுக்க வரும் கூட்டம். பிள்ளைக்கு நாலு வயசு முடியப்போகிறது, இன்னும் கொடைக்கானல் வரவில்லை. சரி, ஆடியில் கல்யாணம் கிடையாதே, குற்றாலத்தில் சீசனாச்சே, அங்கேயாவது போவோம் என்றேன். சத்தியமாகப் போகலாம் என்றார். புளிச்சோறு கிண்டி, முறுக்குச் சுற்றி, பிள்ளைக்குச் சட்டை எடுத்து வைத்துப் பையைக் கட்டியாயிற்று.

காலையில் பையோடு கடைக்கு வந்தால், மனுசன் சாவகாசமாக லைட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். “ஒரு குரூப் போட்டோ வந்துருச்சு. அடுத்த வருசம் பாப்போம்.” பையைப் பொத்தென்று தரையில் வைத்தேன். பேசினால் கடை தாங்காது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, சமாதானம் செய்கிறாராம், சொன்னார்: “குத்தாலத்துல மட்டும் என்ன கெடக்கு? தண்ணிதான? இந்தா இருக்கு. மணிக்கூண்டு ஊரா, தண்ணி ஊரா, சொல்லு. பாப்பாவயும் நிப்பாட்டு, ஜம்முன்னு எடுத்துத் தாரேன்.”

எத்தனையோ பேரிடம் நான் கேட்ட கேள்வி. அதை என்னிடமே கேட்கிறார்! பவுடர் டப்பாவை ஓங்கிவிட்டேன். பிறகு கீழே வைத்தேன்.

“மணிக்கூண்டு ஊரு” என்றேன்.

முகம் மலர்ந்து ஸ்டாண்டைத் திருப்பப் போனார். “திருப்ப வேணாம். அதுல மணி எத்தனன்னு மட்டும் பாருங்க” என்றேன்.

“பத்தே முக்கா.”

“அருப்புக்கோட்டை பஸ்ஸு பதினோரு மணிக்கு. இன்னும் கால் மணி நேரம் இருக்கு. வாரதுன்னா கடையச் சாத்திட்டு வாங்க. இல்லையா, ரெண்டு ஊரையும் நீங்களே வச்சு ஆளுங்க. நானும் பாப்பாவும் போறோம்.”

நிஜத்தில் அப்போது மணி என்ன என்று நான் பார்க்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸும் வந்தது, ஏறினேன். பிள்ளையை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். டிரைவர் கியரைப் போட்ட பிறகுதான் கடைக் கதவு இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. சட்டைப் பொத்தானைக் கோணல்மாணலாகப் போட்டுக்கொண்டு, கழுத்தில் கேமரா ஆட, “ஏய், நிறுத்துப்பா, நிறுத்து!” என்று எங்கள் வீட்டுக்காரர் ஓடி வந்தார். கண்டக்டர் கை கொடுத்து ஏற்றிவிட்டு, “என்ன அண்ணே, சீமைக்கா?” என்றார். எங்கள் வீட்டுக்காரர் பொத்தானைச் சரிசெய்துகொண்டே எனக்குப் பின் சீட்டில் வந்து உட்கார்ந்தார். அருப்புக்கோட்டையில் பஸ் மாறி, விருதுநகர் தாண்டித்தான் பேச்சு வந்தது. அதுவும் முறுக்குக் கேட்டு.

மறுநாள் காலை, குற்றாலத்தில் சாரலில் நனைந்தபடி மூன்று பேரும் சும்மா நின்றோம். ஆமாம், சும்மாதான். கழுவப் பாத்திரம் இல்லை. அவர் மெதுவாகக் கேமராவைத் தூக்கி, “கொஞ்சம் எடப்பக்கம் திரும்பி...” என்றார். “எடுத்தீக, கேமராவ அருவியில விட்டெறிஞ்சிருவேன்” என்றேன். நான் செய்வேன் என்று இப்போது அவருக்குத் தெரியும். பைக்குள் வைத்துவிட்டார். பிறந்ததிலிருந்து திரையில் வரைந்த தண்ணீரை மட்டுமே அத்தனை பெரிதாகப் பார்த்திருந்த என் மகள், அருவியையே அண்ணாந்து பார்த்துவிட்டு, என் சேலையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்: “அம்மா, இந்த ஊர்த் தண்ணி மட்டும் ஏம்மா கத்துது?”

இன்றைக்கும் எங்கள் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டுச் சுவரைப் பார்த்தாலும் சீமைக்குப் போய் வந்ததற்குச் சட்டம் போட்டு அத்தாட்சி தொங்குகிறது. நிஜமாகவே ஓர் ஊருக்குப் போய் வந்த எங்கள் மூன்று பேருக்கு மட்டும், ஸ்டுடியோ வைத்திருந்தும், ஒரு போட்டோ கூடக் கிடையாது.